குங்குமக் கிணறு

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியின் கிணறுகள் ஒவ்வொன்றாகத் தரை தட்டின. தொழிற்பேட்டையை ஒட்டி எழும்பியிருந்த தொழிலாளர் குடியிருப்பில் குழாயைத் திறந்தால் காற்றுதான் சீறியது. தண்ணீர் லாரி வந்த நாள் திருவிழா, வராத நாள் துக்கம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பெரியதம்பியின் மனைவி இருளாயி விடியுமுன் எழுந்து, நெடுஞ்சாலையைக் கடந்து, எங்கோ ஒரு தோட்டத்துக் கிணற்றில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு குடம் கொண்டு வருவார். வீடு வந்து சேரும்போது அவருடைய உதடுகள் வெடித்திருக்கும். அந்தக் குடத்திலிருந்து முதலில் ஒரு வாய் அருந்துவது, நடைபழகத் தொடங்கியிருந்த அவர்களுடைய பெண் குழந்தை.

பெரியதம்பி முதுகுளத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். காற்றில் விளக்கைக் காப்பதுபோலத் தண்ணீரைக் கையால் பொத்திக் காக்கும் சீமை அது. முகம் கழுவிய நீர் முருங்கைக்கு, அரிசி களைந்த நீர் ஆட்டுக்கு என்று வளர்ந்தவர். பிழைப்புக்காக ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தார். மூச்சு நின்றுபோன ஆயில் என்ஜினுக்கும் அவர் கை பட்டால் உயிர் வரும் என்று பெயர் எடுத்திருந்தார்.

ஒருநாள் உணவு இடைவேளையில் அவர், உடன் வேலை பார்க்கும் வெங்கடசாமியிடம் ஆற்றாமையோடு கேட்டார். வெங்கடசாமி உள்ளூர்க்காரர், அவருடைய குடும்பத்தின் நிலம்தான் தொழிற்பேட்டைக்குப் போயிருந்தது.

"ஏண்ணே, இம்புட்டுப் பெரிய ஊர்ல வத்தாத கெணறு ஒண்ணுகூடவா இல்ல?"

வெங்கடசாமி சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "இருக்குதுங்க. ஆனா அது நமக்கு இல்லீங்க."

"பெறகு யாருக்காம்?"

"வந்து பாருங்க, தெரியும். வாயால சொன்னா சிரிப்பீங்க."

மின்வெட்டின் காரணமாக அந்த ஆண்டு அவர்களுடைய தொழிற்சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அடுத்த செவ்வாயன்று இருவரும் ஜூஜுவாடிப் பக்கமாக நடந்தார்கள். நெடுஞ்சாலையின் லாரி இரைச்சல் பின்னால் தேய்ந்ததும், பெரியதம்பியின் கண்முன்னே அந்த மண்மேடுகள் எழுந்தன. அவற்றைக் குன்று என்று சொல்ல முடியாது; ஏரிக்கரை என்றும் சொல்ல முடியாது. குதிரைலாடம் போல வளைந்து, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, பனைமரத்தில் பாதி உயரத்திற்கு அவை நின்றன. ஒவ்வொரு வளைவின் நடுவிலும் வெற்றிடம். மேட்டின் மேலே வேலமரங்கள் செழித்திருந்தன; வெற்றிடத்திலோ புல்லின் நுனிகூட இல்லை.

"இது என்னதுண்ணே? எந்த ராசா கட்டுனது?"

"ராசா இல்லீங்க. வெள்ளக்காரன். ரெண்டாம் உலகச் சண்டை நடந்தப்போ குண்டுக்குள்ள வெடிமருந்து அடைச்ச எடம். ஒவ்வொரு மேட்டுக்கு நடுவுலயும் ஒரு கொட்டாய் இருந்துச்சு. ஒண்ணு வெடிச்சா பக்கத்துது வெடிக்கக் கூடாதுன்னு இந்த மண்ணு. எங்கப்பன் கூடையில சொமந்தாரு."

பெரியதம்பி அண்ணாந்து பார்த்தார். பட்டினியும் கூலியுமாக வந்த மனிதர்கள் தலையில் சுமந்து குவித்த மலைகள். இந்த அமைதியான காட்டுக்குள் அடைக்கப்பட்ட நெருப்பு, கப்பலேறிப் போய், பர்மாவின் ஏதோ ஒரு காட்டில், இவர்கள் பெயரைக்கூட அறியாதவர்கள் மீது விழுந்திருக்கிறது. கொட்டகைகளையும் இரும்பையும் போர் முடிந்ததும் பெயர்த்தெடுத்துப் போய்விட்டார்கள். மண்ணை யார் எடுத்துப் போவார்கள்? அது, காவல் காக்க எதுவுமில்லாத பின்னும் காவல் நின்றது.

மேடுகளுக்கு அப்பால் அந்தக் கிணறு இருந்தது. அதன் வாயைத் தடித்த சிமெண்டு மூடியால் அடைத்து, நடுவில் ஒரு சதுரத் துவாரம் மட்டும் விட்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, குங்குமம் அப்பிய ஒரு கல். ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் எட்டவே நின்றார்கள். அறுபது வயதை நெருங்கிய ஒரு அம்மையார் கயிற்றில் சிறு வாளியை விட்டுத் தண்ணீர் இறைத்து, வெள்ளைப் பீங்கான் குண்டாவில் ஊற்றிக் கல்லின் முன்னே வெயிலில் வைத்தார். அவர் பெயர் கெம்பம்மா என்றும், மாரம்மாவுக்கு அவர்தான் பூசை செய்கிறவர் என்றும் வெங்கடசாமி காதோடு சொன்னார்.

தண்ணீர் கண்ணாடி போலிருந்தது. குண்டாவின் அடியிலிருந்த கீறல்கூடத் தெரிந்தது. பெரியதம்பிக்கு நாக்கு ஊறியது.

வெயில் ஏறியது. முதலில் தண்ணீர் பழைய வைக்கோலின் நிறத்தைத் தொட்டது. தம் கண்தான் ஏமாற்றுகிறது என்று எண்ணிப் பெரியதம்பி இமைகளைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, ஒருவரும் எதையும் கலக்காமல், ஒரு கையும் தீண்டாமல், அந்த மஞ்சளுக்குள்ளிருந்து ஒரு செம்மை, வெட்கத்தில் கன்னம் சிவப்பதுபோல மெல்லப் பரவியது. உச்சிப்பொழுதில் குண்டா நிறையக் குங்குமம் கரைத்தாற்போல இருந்தது. மண்ணுக்கடியில் உறங்கிய நீர் சூரியனைக் கண்டதும் இரத்தமாக மாறியதைப் பெரியதம்பி தம் இரு கண்களால் பார்த்தார். தாம் எப்போது செருப்பைக் கழற்றினோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

கெம்பம்மா அந்தக் குண்டாவை எடுத்துத் துவாரத்தின் வழியே கிணற்றுக்குள்ளேயே கவிழ்த்தார். ஒரு துளியைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் தொலைவிலிருந்தே கும்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

"யாரும் தீர்த்தம் வாங்க மாட்டாங்களாண்ணே?"

"அய்யோ, தொடவே கூடாதுங்க. அம்மனோட தண்ணி. மனுசன் குடிச்சா குடும்பம் அழிஞ்சிரும். ஆடுமாடக்கூட இந்தப் பக்கம் ஓட்டி வர மாட்டோம்."

அன்று மாலை குடியிருப்பில் இந்தச் செய்தி தீயாகப் பரவியது. எதிர்வீட்டு மாரிமுத்து, கடைசல் இயந்திரத்தில் வேலை பார்ப்பவர். எதையும் சிரிப்பாக்காமல் விடமாட்டார்.

"ஆத்தாளுக்கு ஒரு குண்டாதான வேணும்? கெணறு பூராவுமா வேணும்? ஒரு குண்டாவ அவளுக்குக் கொடுத்துட்டு மிச்சத்த நம்ம எடுத்துக்கிருவோம். குடியிருக்கிற வீட்டுக்காரம்மாவவிட ஆத்தா நல்லவதான்."

எல்லாரும் சிரித்தார்கள். இருளாயி சிரிக்கவில்லை. "ஒரு வார்த்த அந்தம்மாகிட்டக் கேட்டுட்டுச் செய்யுங்க. கேக்காம எடுத்தா களவுல்ல?" என்றார் தம் கணவரிடம்.

பெரியதம்பி கேட்கத்தான் சென்றார். கெம்பம்மா தம் குடிசை வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார்.

"பேடப்பா, வேணாம்" என்றார், முழுவதையும் கேட்டு முடிக்கும் முன்பே. "மாரம்மா ஒத்துக்க மாட்டா."

"எங்க ஊருலயும் மாரி உண்டும்மா. தாகமுன்னு வந்தவனுக்குத் தண்ணி கொடுக்காத ஆத்தாள நான் பாத்ததில்ல."

"இவ வேற மாதிரி."

"பச்சப்புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குதும்மா. என் புள்ளையுந்தான்."

முறம் நின்றது. கெம்பம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லாமல் முறத்தை மீண்டும் தட்டினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் பெரியதம்பி திரும்பி வந்திருப்பார். அங்கே இருந்தது பயம். பூசாரிக்கு வருமானம் போய்விடும் என்ற பயம் போலும் என்று அவர் தவறாக எண்ணிக்கொண்டார்.

அடுத்த செவ்வாயன்று பொழுது புலர்ந்ததும் குடியிருப்பு மொத்தமும் கிணற்றடியில் இருந்தது. ஆயில் என்ஜின் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. வெங்கடசாமி பாதிவழி வரை கூட வந்து, "நான் இந்தப் பக்கம் வரவே இல்லீங்க, உங்களப் பாக்கவும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, வேப்பமர நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

என்ஜின் இருமியது, புகைந்தது, பிறகு சீராக ஓடியது. குழாயின் வாயிலிருந்து தண்ணீர் பாய்ந்தபோது பெண்கள் தங்களை அறியாமல் ஓடிவந்தார்கள். அவ்வளவு தண்ணீரை அந்தக் கோடையில் யாரும் ஒருசேரப் பார்த்திருக்கவில்லை. பெரியதம்பி உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் பருகிப் பார்த்தார். நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்கியது. குழாயின் துருவாக இருக்கும் என்று துப்பிவிட்டு, பீப்பாய்களை வரிசையாக நிரப்பி, என்ஜினை நிறுத்தினார்.

"யாரும் வாய் வெக்காதீங்க" என்றார் இருளாயி. "ஆத்தாளுக்குப் பொங்க வச்சுப் படைச்சுட்டு அப்புறமாக் குடிப்போம். அவ தண்ணியில்ல?"

அந்த ஒரு பக்திதான் அன்றைக்குப் பலரைக் காத்தது. லாரித் தண்ணீரில் மிச்சம் பிடித்துக் கொண்டு வந்திருந்த நீரில் பொங்கல் பானை ஏறியது. மூன்று கல் அடுப்பு புகைந்தது. அரிசி வேகும் வரை பீப்பாய்களும் குடங்களும் அண்டாக்களும் திறந்த வெயிலில் நின்றன.

முதலில் கண்டது ஒரு சிறுமி. "ஏ அம்மா, தண்ணிக்கு என்னாச்சு?"

ஒரு குண்டா சிவந்ததையே பெரியதம்பி பார்த்திருந்தார். இப்போது ஒரு குடியிருப்பின் பாத்திரங்கள் அனைத்தும் சிவந்தன. எவர்சில்வர் குடங்களில் செம்பருத்தி நிறம், அலுமினிய அண்டாவில் மாதுளை நிறம், பீப்பாய்களில் ஆழ்ந்த குருதி நிறம். சூரியன் ஒவ்வொரு பாத்திரத்திலும் குனிந்து கை நனைத்தாற்போல இருந்தது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை இட்டார்கள். தெற்குச் சீமையின் குலவை அந்த மண்மேடுகளில் மோதி எதிரொலித்தபோது, வேலமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின.

"உத்தரவு கொடுத்துட்டா!" என்று யாரோ கூவினார்கள். "ஆத்தா நமக்குத் தீர்த்தம் கொடுத்துட்டா!"

உள்ளூர்க்காரர்களை எட்ட நிறுத்திய அதே அதிசயம், இவர்களை அருகே இழுத்தது. இவர்கள் ஊரில் அம்மன் கொடுத்த நீரைக் குடிக்காமல் விடுவதுதான் குற்றம். தீர்த்தத்தின் முதல் வாய் வீட்டின் இளைய பிள்ளைக்கு என்பது வழக்கம். இருளாயி ஒரு டம்ளரில் அந்தச் செந்நீரை மொண்டு, குழந்தையை மடியில் கிடத்தினார். குழந்தை நீரைக் கண்டதும் இரு கைகளையும் நீட்டியது.

"கொடுக்காத கண்ணு! கொடுக்காத!"

குலவைச் சத்தம் கேட்டுக் கெம்பம்மா மேட்டுச் சரிவில் விழுந்தடித்து ஓடி வந்துகொண்டிருந்தார். வந்த வேகத்தில் டம்ளரைத் தட்டிவிட்டார். செந்நீர் இருளாயியின் சேலையில் சிந்தியது.

"இது அம்மன் இல்லம்மா" என்றார் மூச்சிரைக்க. "வெடிமருந்து. குண்டுல அடைச்சது. நான் அடைச்சேன், இந்தக் கையால."

மாரிமுத்துதான் முதலில் பேசினார்: "ஏம் பெரியாத்தா, இத்தன வருசமாப் பூச பண்ணும்போது அம்மனா இருந்தவ, நாங்க குடிக்க வந்தன்னைக்குத்தான் இல்லாமப் போயிட்டாளா? நல்லா இருக்கே உங்க நாயம்."

சிலர் சிரித்தார்கள். கெம்பம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. இருளாயியின் முன்னே அப்படியே மண்ணில் உட்கார்ந்து, அவருக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னார்.

"கேளு கண்ணு. எனக்குக் கல்யாணமான புதுசு. ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் இங்க வேலைக்கு வந்தோம். இரும்பு, தங்கம் எதுவும் உள்ள போகக் கூடாது, பொறி பறக்கும்னு. தாலியக்கூட வாசல்ல கழட்டி வெச்சிட்டு, மஞ்சக் கெழங்கக் கயித்துல கட்டிக்கினு உள்ள போவோம். மருந்து உருக்கி ஊத்துவோம். கை மஞ்சளாவும். தலமுடி செம்பட்டையாவும். புருசங்க கேலி பண்ணுவாங்க, 'பூசுமஞ்சள் செலவு மிச்சம்'னு. அப்புறம் ஒவ்வொருத்திக்கா கண்ணு மஞ்சளாச்சு. என் நாத்தனா செத்துப் போனா. சாயங்காலம் ஆனா கொட்டாயக் கழுவி விடுவோம். அந்தத் தண்ணியெல்லாம் வெயில் பட்டுச் செவந்து குழியில எறங்கும். சண்டை முடிஞ்சதும் மிச்சமிருந்த மருந்தையும் குழியிலயே கொட்டி மூடிட்டுப் போயிட்டாங்க. குழிக்குக் கீழதான் இந்தக் கெணத்து ஊத்து."

"ஊருக்குச் சொல்லியிருக்கலாமுல்ல?" என்றார் பெரியதம்பி.

"சொன்னேனப்பா. 'தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குது, உனக்குப் பைத்தியமா'ன்னாங்க. ஆடு மேய்க்க வந்த குடும்பம் ஒண்ணு இதக் குடிச்சுது. ஆடும் போச்சு, ஆளும் போச்சு. அந்த வாரம் நான் ஒரு குண்டாவுல மொண்டு வெச்சுப் பாத்தேன். செவந்துச்சு. கொட்டாய் கழுவுன தண்ணி மாதிரியே. மறுநா இந்தக் கல்ல நட்டு, மாரம்மா தொடக் கூடாதுன்னு சொல்றான்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒருத்தன்கூடத் தொடல. என் பேச்சக் கேக்காதவங்க அவ பேச்சக் கேட்டாங்க."

பெரியதம்பியின் நாக்கில் காலையில் தங்கிய கசப்பு இன்னும் போகவில்லை. ஆனால் கூட்டம் நம்பவில்லை. இவ்வளவு சிவப்பைக் கண்ணெதிரே பார்த்தவர்கள், ஒரு கிழவியின் சொல்லுக்காக அம்மனை எப்படி விடுவார்கள்?

கெம்பம்மா எழுந்து, கிணற்றுக்கு மேற்கே புல் முளைக்காத பள்ளத்திற்குப் போனார். ஒரு குச்சியால் கிளறினார். வெல்லக் கட்டியின் நிறத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டியை முந்தானையில் எடுத்து வந்தார். "புள்ளைங்களத் தூரமாக் கொண்டு போங்க" என்றார். பொங்கல் பானையை இறக்கச் சொல்லிவிட்டு, அடுப்பின் ஓரத்து நெருப்பில் அதைக் குச்சியால் தள்ளினார்.

மண்ணாங்கட்டி நெருப்பில் என்ன ஆகும்? சூடாகும், அவ்வளவுதான். இந்தக் கட்டி மெழுகு போல உருகியது. உருகியது தீப்பற்றியது. அந்தச் சிறு துண்டிலிருந்து, அதற்குச் சற்றும் பொருந்தாத கரும்புகை திரிதிரியாகச் சுருண்டு, மண்மேட்டின் உயரத்தையும் தாண்டி எழுந்தது. கசந்த நெடி அனைவரின் தொண்டையையும் பிடித்தது. நாற்பது மழைக்காலங்கள் அந்த மண்ணில் பெய்திருக்கின்றன. நாட்டை ஆண்டவர்கள் போய்விட்டார்கள். சண்டையிட்ட தேசங்கள் கைகுலுக்கிவிட்டன. அடைத்தவர்களில் பாதிப்பேர் மண்ணாகிவிட்டார்கள். அந்தக் கட்டி மட்டும் தனக்கு இடப்பட்ட கட்டளையை மறக்காமல், நெருப்புக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது.

யாரும் குலவை இடவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

பெரியதம்பி நடந்து சென்று கிணற்றிலிருந்து என்ஜின் குழாயை உருவினார். குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது. அவர் முதல் குடத்தைத் தூக்கினார். பிறந்ததிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரையும் வீணாக்கியறியாத கைகள் அவை. குடம் துவாரத்தின் விளிம்பில் சற்று நேரம் தயங்கி நின்றது. பிறகு சாய்ந்தது. சிவந்த நீர் இருட்டுக்குள் விழும் ஓசை வெகுநேரம் கழித்தே கேட்டது. மாரிமுத்து அடுத்த பீப்பாயை உருட்டி வந்தார்.

"வெளிய ஊத்தாதீங்க, உள்ளயே ஊத்துங்க" என்று கெம்பம்மா மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஊற்றி முடிந்தபின் பெரியதம்பி அவர் அருகே வந்தார். "இது எப்பம்மா போகும்?"

"தெரியாதப்பா. துரை ஒருத்தர் அப்பவே சொன்னாரு, இந்த மருந்து கெட்டே போகாதுன்னு. பெருமையாச் சொன்னாரு."

இருளாயி ஈரச் சேலையோடு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இந்தக் கல்லு வெறுங்கல்லாம்மா?"

கெம்பம்மாவும் கல்லைப் பார்த்தார். "கல்ல நட்டது நான்தான் கண்ணு. ஆனா தண்ணிய நான் செவக்க வெக்கல. குடிக்காதேன்னு அது தானாச் சொல்லுது பாரு, அதுக்கு நான் என்ன பேரு வெப்பேன்? மாரம்மான்னு வெச்சேன்."

அன்று குடியிருப்பின் ஆண்கள் அத்தனை பேரும் சாம்பலால் தேய்த்துத் துடைத்த காலிக் குடங்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பெண்கள் காட்டிய வழியில் தோட்டத்துக் கிணறுகளைத் தேடி நடந்தார்கள். அந்த வழி எவ்வளவு நீளம் என்பது அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த வாரத்திலேயே பெரியதம்பி தொழிற்சாலையின் கழிவு இரும்பில் அனுமதி வாங்கி, ஒரு தகடு வெட்டி, துவாரத்திற்குப் பூட்டுடன் கூடிய மூடி செய்து, அடுத்த செவ்வாயன்று கொண்டு வந்தார். இனி எந்த என்ஜின்காரனும் குழாய் இறக்க முடியாதபடி முழுவதுமாக அடைத்துவிடுவது அவருடைய எண்ணம். கெம்பம்மா தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

"வாளி போற அளவுக்கு ஒரு வழி விடுப்பா. முழுசா மூடிட்டா மறந்துருவாங்க. மறந்தாங்கன்னா ஒருநா ஒடைச்சுருவாங்க. செவ்வாய்க்குச் செவ்வாய் பாக்கட்டும்."

பெரியதம்பி தகட்டின் நடுவில் வாளியின் வாயளவுக்கு வட்டம் போட்டார். வெட்டி முடித்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. கெம்பம்மா இறைத்து வைத்த குண்டாவைச் சுற்றி, எட்டவே, உள்ளூர்க்காரர்களும் குடியிருப்புக்காரர்களும் நின்றார்கள். அது என்ன என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நீர் மஞ்சளாகி, செம்மை தொட்டபோது, அவர்கள் முன்னைவிட இரண்டடி பின்னே நகர்ந்து கைகூப்பினார்கள். பெரியதம்பியும் கூப்பினார்.